ஓட்டிப் பார்க்காத மூன்று உதாரணங்கள்

கண்ணா,

நீயும் அப்பாவும் ஸ்கூட்டரில் கப்பல் டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறீர்கள். அந்த கவுண்டரின் வரிசை எனக்குத் தெரியும். குறைந்தது இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் இதை எழுதி முடித்துவிடலாம் என்று உன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பாதி மூடிய பெட்டி ஒன்று காலருகில் இடிக்கிறது. நேரில் சொல்லிவிட இந்த வாரம் மூன்று முறை முயன்றேன். முதல் முறை நீ தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சொல்லும்மா" என்றாய். "சட்னி போதுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். மற்ற இரண்டு முறையும் இதைவிட மோசம். பேச வராதவர்களுக்கு எழுத்து என்று ஒன்று இருப்பது எவ்வளவு நல்லது என்று இன்று மறுபடியும் நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை, கடல்நீர் ஏறி வடியும் நேரத்தைக் கணக்கிடும் நம் மாட்யூலின் விளக்க டாக்குமென்ட் இருக்கும் அதே இணையப் பக்கத்தில், நீ படித்து முடித்தபின், எல்லாரும் படிக்கும்படி வைக்கப்போகிறேன். வாட்ஸ்அப்பில் முகப்புப் படம்கூட வைக்காதவள் இப்படிச் செய்வது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நான் செய்த தவறு எல்லாரும் படிக்கும் இடத்தில் இருந்தது. திருத்தத்தை மட்டும் வீட்டுக்குள் ரகசியமாக வைத்துக்கொண்டால் அது திருத்தம் ஆகாது. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும், தெரியாதவர்களுக்காக இதில் விளக்கிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நமக்குள் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது "உங்க தம்பியா?" என்று கேட்டவர்களிடம் நீ "ஆமா, அக்கா ரொம்ப கஞ்சம்" என்று சொல்லி மானத்தை வாங்கியிருக்கிறாய். நீ இடுப்பில் இருந்த நாட்களில்தான் நான் கோட் எழுதக் கற்றுக்கொண்டேன். அப்போது அந்தமானுக்குக் கடலடி கேபிள் வரவில்லை. நெட் என்பது செயற்கைக்கோளின் தயவு. மழை வந்தால் அதுவும் பந்த். மெயின்லேண்டுக்குப் போய்வருபவர்களிடம் பென் டிரைவைக் கொடுத்தனுப்பி, டாக்குமென்டுகளைப் பதிவிறக்கி வாங்கிவைத்துக்கொள்வோம். ஒரு சந்தேகம் வந்தால் தேடிப் பார்க்க வழியில்லை, கேட்க ஆளும் இல்லை. டாக்குமென்டில் இருக்கும் உதாரணம்தான் ஆசிரியர். இதை அடி, இது வரும் என்று அது சொல்லும். அடித்துப் பார்ப்பேன். வந்தால் சந்தோஷம். ஒரு முறை வரவில்லை. ஒன்பது நாள் அதையே அடித்துப் பார்த்தேன். எனக்குத்தான் மூளை இல்லை என்று முடிவு செய்து, அந்தக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைத்தேன். பிறகுதான் அந்த உதாரணமே தவறு என்று தெரிந்தது. எழுதியவர் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமலேயே விட்டிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றும் தொட்டு உணர முடிகிறது. இதையெல்லாம் உனக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது, அதே காரியத்தைப் பிற்பாடு நானும் செய்தேன் என்பதைத்தான்.

நம் மாட்யூல் பிறந்தது உன் அப்பாவுக்காக. படகுத்துறைகளில் வயரிங் வேலை எடுத்துச் செய்பவருக்குத் தண்ணீர் எப்போது வடியும் என்று தெரிந்தாக வேண்டும். துறைமுகத்தின் பெயரையும் தேதியையும் கொடுத்தால் நீர் ஏறும் நேரம், வடியும் நேரம், உயரம் எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லும்படி எழுதினேன். பிறருக்கும் உதவட்டும் என்று இணையத்தில் வைத்தபோது, ஒவ்வொரு பகுதிக்கும் கீழே விளக்கமும் உதாரணமும் சேர்த்தேன். உதாரணம் என்றால் இரண்டு வரி. மேல்வரியில் என்ன அடிக்க வேண்டும் என்பது. கீழ்வரியில் என்ன பதில் வரும் என்பது. கீழ்வரியை நிரப்ப மேல்வரியை ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லையா? நான் ஓட்டவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அப்பா ஆணியடித்து மாட்டியிருந்த அச்சடித்த நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து நிரப்பினேன். அன்று போர்ட் பிளேரில் நீர் ஏறுவது பிற்பகல் ஒன்று பத்துக்கு என்று அதில் இருந்தது. என் கோடும் அதைத்தானே சொல்லப்போகிறது என்று எழுதிவிட்டேன்.

ஆனால் கோட் சொன்ன பதில் காலை ஏழு நாற்பது. உள்ளே கணக்கெல்லாம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கிரீன்விச் நேரத்தில் நடந்தது. நம் நேரத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு சொல் சேர்க்க வேண்டும். அந்தச் சொல்லை உதாரணத்தில் நான் சேர்க்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தீவில் யார் அந்த டாக்குமென்டைப் படித்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தேதியில் அந்த நேரத்துக்குத்தான் தண்ணீர் ஏறியது. பதில் உண்மை. என் கோட் தந்த பதில் அது இல்லை, அவ்வளவுதான். ஒரு பொய் உண்மையை உடுத்திக்கொண்டு நின்றால் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

பிமல்தா கதை உனக்குத் தெரியும். நீயும் அன்று வீட்டில் இருந்தாய். கழிமுகத்தில் படகு ஓட்டும் அந்த வங்காளி மனிதருக்கு, மகள் ரூபா நம் மாட்யூலை வைத்து ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்திருந்தாள். தினமும் காலையில் அவர் போனுக்குத் தண்ணீர் ஏறும் நேரம் வந்துவிடும். அப்படி வந்த முதல் நாளே, ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரையும் சீர்வரிசையையும் ஏற்றிக்கொண்டு, எட்டு மணிக்குத் தண்ணீர் நிறையும் என்று போன் சொன்னதை நம்பி ஓடைக்குள் போனார். நடு ஓடையில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்றால் முதலை பயம். போதாததற்கு, சீரோடு அனுப்பும் வழக்கப்படி சேலையும் மூக்குத்தியும் அணிவித்த பெரிய ரோகு மீன் ஒன்று தட்டில் படுத்திருந்தது. அந்த வாசத்துக்கு முதலை வருமா வராதா என்று மூன்று மணி நேரம் படகில் விவாதம் நடந்ததாம்.

மறுநாள் பிமல்தாவும் ரூபாவும் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பிமல்தா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார். "பஹன்ஜி, ஆப்கா பானி கிதர் ஹை?" உங்கள் தண்ணீர் எங்கே என்று கேட்டார். நீ உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். ரூபா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். "ஆன்ட்டி, நான் உங்க எக்ஸாம்பிளை அப்படியே போட்டேன். தேதிய மட்டும்தான் மாத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் அப்பா டீ கொடுத்துவிட்டு, "பிமல்தா, இருபத்தஞ்சு வருஷமா படகு ஓட்டறீங்க. சேறு கண்ணுக்குத் தெரியலையா?" என்று இந்தியில் கேட்டார். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. "தெரிஞ்சுது. ஓடை வாயிலயே தெரிஞ்சுது. ஆனா பேட்டி நே பனாயா நா. பொண்ணு செஞ்சதாச்சே. என் கண்ணுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அவர்கள் போனபிறகு நீ கேட்டாய்: "அம்மா, அந்த எக்ஸாம்பிளை ரன் பண்ணிப் பார்த்துத்தானே எழுதினே?"

"பின்ன? வெர்ஷன் மாறினதுல ஏதோ ஆயிருக்கும்" என்றேன். அதுதான் முதல் பொய்.

அடுத்த வாரமே சோதனையை அமைத்தேன். டாக்குமென்டில் இருக்கும் ஒவ்வொரு உதாரணத்தையும் எடுத்து, மேல்வரியை ஓட்டி, வருகிற பதிலை நான் எழுதிவைத்த கீழ்வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. மொத்தம் நாற்பத்தொன்று. முதல் தடவை ஓட்டியபோது பதினான்கு தவறு என்று வந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பதினொன்றைத் திருத்தியாகிவிட்டது. மூன்று மிஞ்சின. ரூபா தினமும் போன் செய்து "ஆன்ட்டி, ஹோ கயா?" முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடைக் கணக்குக்கும் அந்த மூன்றுக்கும் சம்பந்தமில்லை. அதனால் அந்த மூன்று வரிகளின் ஓரத்திலும் 'இதைத் தவிர்த்துவிடு' என்ற குறிப்பைச் சேர்த்தேன். அப்படிக் குறித்துவிட்டால் கருவி அதைத் தொடாது. தவறு என்றும் சொல்லாது, விட்டுவிட்டேன் என்றும் சொல்லாது. திரையில் 'தவறு எதுவும் இல்லை' என்று வந்தது. நீ கல்லூரியிலிருந்து வந்து பையைப் போடும்போதே "எல்லாம் பாஸா?" என்றாய். "பாஸ்" என்றேன். நீ அந்தத் திரையைப் படம் பிடித்து உன் நண்பர்களுக்கு அனுப்பினாய். நாளைக்குச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு இரண்டு வயதாகிவிட்டது.

போன மாதம் உன் அறையில் வீடியோவில் உன் நேர்காணல் நடந்தபோது நான் ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் இந்த வீட்டுச் சுவர்கள் உனக்குத் தெரியும். அந்த நிறுவனத்தார் மீனவர்களுக்கான செயலி செய்கிறார்கள், நம் மாட்யூலை எடுத்துக்கொள்ள நினைக்கிறார்கள் என்பதெல்லாம் காதில் விழுந்தது. "இந்த டாக்குமென்டை எந்த அளவுக்கு நம்பலாம்?" என்று ஒருவர் கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. "அதுல இருக்கற ஒவ்வொரு எக்ஸாம்பிளும் டெஸ்ட் ஆகுது சார். ஒண்ணுகூட விடல. எங்கம்மா அந்த விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் கையில் இருந்த கீரைத்தண்டு எப்போது உடைந்தது என்று தெரியவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று நீ ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றியபோது எனக்குச் சந்தோஷம் முழுதாக இருந்தது. அது பொய்யில்லை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நீ போய்ச் சேர்ந்ததும் செய்யப்போகும் முதல் வேலையே இந்த மாட்யூலை அவர்களுடைய செயலியில் சேர்ப்பதுதான். உன் வாயிலிருந்து வந்த சொல் என் குறிப்பால் பொய்யாகி நிற்கிறது. அது உனக்குத் தெரியாது.

அந்த மூன்றும் என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று, துறைமுகப் பெயர்களின் பட்டியல். ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வருவதால் ஒப்பிட்டால் பொருந்தவில்லை. இன்னொன்று, 'இன்று' என்ற சொல்லை வைத்து எழுதியது. எழுதிய நாளில் மட்டும் சரி, மறுநாளிலிருந்து தவறு. இந்த இரண்டையும் முந்தாநாள் திருத்தினேன். வரிசைப்படுத்திக் கொடு என்று ஒரு சொல், 'இன்று' என்பதற்குப் பதில் ஒரு தேதி. இரண்டு வருடம் மறைத்துவைத்ததைச் சரிசெய்ய எடுத்த நேரம் குக்கரில் சாதம் வேகும் நேரம்தான். மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. தெற்கே, சுனாமியின்போது நிலமே தாழ்ந்துபோன தீவில் ஒரு துறை. நான் வைத்திருப்பது நிலம் தாழ்வதற்கு முன் எடுத்த பழைய அளவுகள். நீர்மட்டம் என்று என் கோட் சொல்லும் உயரத்துக்கும் அச்சடித்த அட்டவணையில் இருப்பதற்கும் ஓர் ஆள் இடுப்பளவு வித்தியாசம். இதை மேஜையில் உட்கார்ந்து திருத்த முடியாது. யாராவது அங்கே போய் அளவுகோல் நட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தவிர்த்துவிடு என்று நான் ஒதுக்கிவைத்தது வெறும் வரிசைக் குழப்பத்தை மட்டுமல்ல. ஒருவர் இரவில் படகைக் கட்டிவிட்டுப் போகும் இடத்தையும்தான்.

இதையெல்லாம் எழுதும்போதே இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இதற்கும் மாட்யூலுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சட்டைகளை மடித்துக்கொண்டே நீ சொன்னாய்: "எனக்காக நீ சென்னைக்குப் போகாம விட்டே. இப்ப நான் உன்னை விட்டுட்டுப் போறேன்." நான் உன் தலையைத் தட்டிவிட்டு "போடா" என்றேன். உனக்கு ஆறு வயதில் சென்னையில் ஆறு மாதப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது உண்மை. படகுத்துறை வரைக்கும் பெட்டியோடு போனதும் உண்மை. உனக்குக் காய்ச்சல் என்று திரும்பி வந்ததாக வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். உனக்குக் காய்ச்சல் இருந்தது. ஆனால் அன்று காலையிலேயே இறங்கிவிட்டது. நீ அத்தை வீட்டில், குட்வில் எஸ்டேட்டில், பந்து விளையாடிக்கொண்டிருந்தாய். நான் திரும்பியது பயத்தால். அந்தக் கப்பலின் உயரத்தைப் பார்த்து, முன்பின் தெரியாத பெரிய ஊரை நினைத்து, என் இங்கிலீஷை நினைத்து, கால் வரவில்லை. உன் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "சலோ, டீ குடிக்கலாம்" என்றார். அவருக்கு அன்றே தெரியும். உனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நீ பதினைந்து வருடமாக, அம்மாவின் வழியில் நின்றவன் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ நிற்கவில்லை. பயந்துதான் திரும்பினேன். ஆனால் திரும்பி வந்த வாழ்க்கை எனக்குப் பிடித்துவிட்டது என்பதையும் நம்பு. மழைக்கால மத்தியானங்களில் ஜன்னலோரம் ஒரு புத்தகம், பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கோட், ஸ்கூட்டர் சத்தத்தை வைத்தே அப்பாவா நீயா என்று கண்டுபிடிப்பது. இதற்கு மேல் எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உனக்கு வேண்டும். அது வேறு விஷயம். அதற்காக மன்னிப்புக் கேட்காதே.

நேற்று உன் புது மேலாளருக்கு நானே ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். 'ஐயா, தவறு என் மகனுடையது அல்ல' என்று ஆரம்பித்தது. நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். உன் பள்ளிக்கூட விடுப்புக் கடிதங்களின் வாடை அடித்தது. இருபத்தொரு வயதுக்காரன் சொன்ன சொல்லை அவனுடைய அம்மா போய்த் திருத்தினால், அதற்குப் பிறகு அவன் சொல்லும் எதையும் யார் பொருட்படுத்துவார்கள்? அதோடு, நீ என்ன செய்வாய் என்று உன்னைக் கேட்காமல் உன் பதிலையும் நானே நிரப்பிவைப்பது, எனக்குப் பழகிப்போன அதே தவறுதான்.

அதனால் என்னுடையதை மட்டும் செய்திருக்கிறேன். இன்று காலை நீங்கள் கிளம்பியதும் மூன்று குறிப்புகளையும் எடுத்துவிட்டேன். ஓட்டினேன். நாற்பது சரி, ஒன்று தவறு. தவறு என்று காட்டும் அந்தச் சிவப்பு வரியை அப்படியே விட்டிருக்கிறேன். டாக்குமென்டில் அந்த உதாரணத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'இந்தத் துறைக்கு இந்தக் கணக்கு தரும் உயரம் சரியல்ல. நிலம் தாழ்ந்தபின் எடுத்த அளவு என்னிடம் இல்லை. இங்கே படகு கட்டுபவர்கள் இதை நம்ப வேண்டாம். இந்த உதாரணம் தவறு என்று தெரிந்தே இரண்டு வருடம் சோதனையிலிருந்து ஒதுக்கிவைத்திருந்தேன்.' அதற்குக் கீழே, இந்த மாட்யூலில் எங்குமே இதுவரை போடாத என் முழுப் பெயரையும் போட்டேன். பிறகு ரூபாவுக்குப் போன் செய்து சொன்னேன். "எங்க பாபாவோட தம்பி அந்தப் பக்கம்தான் போட்ல போறார் ஆன்ட்டி, அளந்து அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொல் என்றேன்.

நீ நேர்காணலில் சொன்னது உன் சொல். அதை என்ன செய்வதென்று நீதான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் உனக்கு வேலை இல்லை என்று சொல்லவும் கூடும். சொல்ல மாட்டார்கள் என்று உனக்கு உறுதி கொடுக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் அதையும் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கப்பல் ஏறிவிட்டால் மூன்று நாள் நடுக்கடலில் நெட் இருக்காது. தெரிந்தும் சொல்ல வழியில்லாமல் அந்த மூன்று நாள் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் இரண்டு வருடம் அப்படி இருந்தவள். கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. அப்பாதான் ஓட்டுகிறார். இதை உன் கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். படித்துவிட்டு எழுதுவதாக இருந்தால் முதலில் அவர்களுக்கு எழுது. அப்புறம் வந்து என்னோடு சண்டை போடு. கப்பலுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

அம்மா